கடைமடைக் கணிப்பொறியும் கம்பைலர் பதிப்பும்

திருவாரூர்க்காரர்களுக்கு ஜூன் 12 என்ற தேதியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் அது (அணையில் தண்ணீர் இருந்தால்!). ஆனால் அன்றைக்கே நம் ஓடம்போக்கி ஆற்றில் தண்ணீர் வந்துவிடுமா? வராது. கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாள்கள் ஆகும். அங்கிருந்து வெண்ணாறு, வெட்டாறு என்று பிரிந்து, கிளை வாய்க்கால்களில் புகுந்து, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடை வயல்களை எட்டுவதற்கு மேலும் பல நாள்கள் ஆகும். மேலே ஒரு மதகில் எடுக்கப்படும் முடிவு, கீழே நாற்றங்கால் விட்டுக் காத்திருப்பவரின் பாட்டை நிர்ணயிக்கிறது.

மென்பொருள் உலகத்திலும் இப்படி ஒரு மேல்மடையும் கடைமடையும் இருக்கின்றன என்றால் நம்புவீர்களா? உலகெங்கும் உள்ள மென்பொருள் பொறியாளர்கள் ஆற்று நீரோட்டத்தை வைத்தே பேசுகிறார்கள். ஒரு மென்பொருளை முதலில் எழுதி வெளியிடுகிறவர்கள் நீரோட்டத்தின் மேற்பக்கத்தில் இருப்பவர்கள். அதை வாங்கித் தங்கள் தேவைக்கேற்ப மாற்றி வழங்குகிறவர்களும், பயன்படுத்துகிறவர்களும் கீழ்ப்பக்கத்தில் இருப்பவர்கள். நமக்குப் புரிகிற மொழியில் மேல்மடை, கடைமடை என்றே வைத்துக் கொள்வோம்.

2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் என்னிடம் ஒரு மாணவர் வந்தார். பௌதிகம் இரண்டாம் ஆண்டு படிப்பவர். பள்ளியில் படித்தபோது அவருடைய அண்ணனுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அவர் கையில் இருந்தது. பேட்டரி செத்துப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மின்கம்பியைச் செருகினால் மட்டும் ஓடும். அதில் டெபியன் 7 என்ற பழைய லினக்ஸ் தொகுப்பை நிறுவியிருந்தார். அப்போதுதான் வெளிவந்திருந்த லினக்ஸ் 6.16 கெர்னலை இறக்கிக் கொண்டு, அதைத் தானே கட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. கட்டளையைக் கொடுத்த சில நொடிகளில் வேலை நின்றுவிட்டது. திரையில் வந்த செய்தியின் பொருள் இதுதான்: "சி கம்பைலர் மிகப் பழையது. உங்களிடம் இருப்பது 4.7.2. குறைந்தபட்சம் வேண்டியது 8.1."

"சார், என் மெஷின் பழசு, அதனால ஓடாதுன்னு சொல்லுதா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆனால் விடை 'இல்லை' என்பதுதான். அவருடைய கணிப்பொறியைப் பற்றி அந்தச் செய்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது குறை கூறியது கம்பைலரை. இரண்டும் வேறு என்பதைப் புரிந்து கொண்டால் பாதிக் கதை முடிந்தது.

கம்பைலர் என்பது யாது?

உங்கள் பாடநூல் இதை 'நிரல்பெயர்ப்பி' என்று கூறும். அருமையான சொல். ஆனால் ஆய்வகத்தில் எல்லோரும் கம்பைலர் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். கணிப்பொறியின் செயலிக்குப் புரிவது எண்களாலான இயந்திர ஆணைகள் மட்டுமே. மனிதர் அந்த எண்களில் எழுதிக் கொண்டிருக்க முடியாது. ஆகவே சி போன்ற ஒரு மொழியில் எழுதுகிறோம். அதைப் படித்து, செயலிக்குரிய ஆணைகளாகப் பெயர்த்துத் தரும் நிரலே கம்பைலர்.

லினக்ஸ் கெர்னல் ஏறக்குறைய முழுவதும் சி மொழியில் எழுதப்பட்டது. 1991 இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பு சுமார் 10,000 வரிகள் கொண்டது. 2025 இன் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 4 கோடி வரிகளாக வளர்ந்துவிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும், பெரிய பெரிய சூப்பர் கணிப்பொறிகளுக்குள்ளும் இதே கெர்னல்தான் இருக்கிறது. 2011 முதல் தமிழகப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மடிக்கணினிகளில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்ததை உங்கள் அண்ணன் அக்காக்கள் நினைவு வைத்திருக்கலாம். அதற்கு உள்ளேயும் இதே கெர்னல்தான்.

இந்தக் கெர்னலை இயந்திர ஆணைகளாக மாற்றும் வேலையைத் தொடக்க நாளிலிருந்து செய்து வருவது ஜி.சி.சி. என்ற கம்பைலர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987 இல் இதை வெளியிட்டார். இன்று கிளாங் என்ற வேறொரு கம்பைலராலும் கெர்னலைக் கட்டலாம் என்றாலும், நம் கதை ஜி.சி.சி. பற்றியது.

ஜி.சி.சி.யும் ஆண்டுக்கு ஒரு முறை புதிய பெரும் பதிப்பாக வளர்கிறது. கெர்னலோ ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பாக வருகிறது. இந்த இரண்டு வளரும் பொருள்களுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் தேவை: 'இந்தக் கெர்னலைக் கட்ட, குறைந்தபட்சம் இந்தப் பதிப்புக் கம்பைலராவது வேண்டும்.' அந்த எண்ணை உயர்த்துவதா, எப்போது, எவ்வளவு என்பதுதான் விவகாரம்.

ஏட்டில் ஒரு மட்டம், நடப்பில் ஒரு மட்டம்

பல ஆண்டுக் காலம் அந்த எண் 3.2 ஆகவே இருந்தது. ஜி.சி.சி. 3.2 வெளிவந்தது 2002 இல். 2018 வரை, 'எங்கள் கெர்னலை 2002 ஆம் ஆண்டுக் கம்பைலரைக் கொண்டும் கட்டலாம்' என்று கெர்னலின் ஆவணம் சொல்லிக் கொண்டிருந்தது. பார்த்தால் எவ்வளவு தாராளம்! கடைமடைக்காரரை எவ்வளவு அன்போடு நினைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

உண்மை வேறு. பல வகைச் செயலிகளுக்கு அத்தனை பழைய கம்பைலரால் கெர்னலைச் சரியாகக் கட்டவே முடியவில்லை. ஆவணத்தை நம்பிப் பழைய கம்பைலரோடு உட்கார்ந்தவருக்கு நடுவில் எங்கோ, ஒன்றும் விளங்காத ஒரு பிழைச் செய்தி கிடைத்திருக்கும். 2018 ஆகஸ்டில் எண் 4.6 ஆக உயர்த்தப்பட்டது. அந்த அக்டோபரில் வந்த 4.19 பதிப்பிலிருந்து அது நடைமுறை.

என்னைக் கேட்டால், உயர்த்தியதைக் காட்டிலும் அத்தனை ஆண்டுகள் உயர்த்தாமல் விட்டதே பெரிய தவறு என்பேன். 'தண்ணீர் வரும்' என்று பலகை வைத்துவிட்டு மதகைத் திறக்காமல் இருப்பதைவிட, 'இந்த ஆண்டு இல்லை' என்று சொல்லிவிடுவது மேல். நம் மாணவருக்குக் கிடைத்தது போன்ற தெளிவான இரண்டு வரி மறுப்பு, இரவு முழுதும் காக்க வைத்துக் கழுத்தறுப்பதை விட எவ்வளவோ நல்லது.

அதற்குப் பிறகு வேகம் கூடியது. 2020 இல் 5.8 பதிப்பின் போது முதலில் 4.8 ஆகவும், உடனே 4.9 ஆகவும் உயர்ந்தது. 2021 இல் 5.15 பதிப்புக்கு 5.1. 2025 ஜூலையில் வந்த 6.16 க்கு 8.1. ஒவ்வோர் உயர்வுக்கும் ஒரு காரணம் உண்டு. எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அது துப்பறியும் கதையைப் போன்றது.

காலி செய்த அறையில் விட்டு வந்த நகை

ரஸ்ஸல் கிங் என்பவர் ஆர்ம் வகைச் செயலிகளுக்கு லினக்ஸைக் கொண்டு சென்ற மூத்த பொறியாளர்களில் ஒருவர். அவருடைய 64-பிட் ஆர்ம் கணிப்பொறிகளில் ஒரு விசித்திரமான தொல்லை ஏற்பட்டது. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்ட்-4 என்ற பகுதி, எப்போதோ ஒரு முறை, 'கோப்பின் விவரம் கெட்டுப் போயிருக்கிறது, சரிபார்ப்புத் தொகை ஒத்துப் போகவில்லை' என்று அலறும். வட்டைப் பரிசோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று மறுபடியும் அலறும்.

சரிபார்ப்புத் தொகை என்றால் என்ன? கடைக்காரர் பில்லின் கீழே கூட்டுத்தொகை எழுதுகிறார். நீங்கள் வீட்டில் மறுபடி கூட்டிப் பார்க்கிறீர்கள். ஒத்துப் போகாவிட்டால் ஏதோ ஓர் எண் மாறியிருக்கிறது என்று பொருள். கணிப்பொறியும் தான் எழுதி வைத்ததைப் படிக்கும்போது இப்படிக் கூட்டிப் பார்க்கிறது. இங்கே பில் சரி, அடியில் எழுதிய தொகையும் சரி. மறுபடி கூட்டியபோது மட்டும் தவறு நேர்ந்தது. அதுவும் எப்போதோ ஒரு முறை. யார் மீது சந்தேகப்படுவது? வட்டின் மீதா, நினைவகச் சில்லின் மீதா, செயலியின் மீதா?

2021 ஜனவரியில் குற்றவாளி அகப்பட்டான். கெர்னலைக் கட்டப் பயன்பட்ட ஜி.சி.சி. 4.9 தான் அவன்!

நடந்தது இதுதான். ஒரு நிரலின் உட்பகுதிகள் வேலை செய்யும்போது, தங்கள் இடைக்காலக் கணக்குகளை எழுதி வைக்க நினைவகத்தில் 'ஸ்டாக்' என்ற இடத்தில் கொஞ்சம் அறை எடுத்துக் கொள்ளும். வேலை முடிந்ததும் அறையைக் காலி செய்யும். காலி செய்வது என்றால் எதையும் அழிப்பதில்லை. 'எது வரை அறைகள் நிரம்பியுள்ளன' என்று காட்டும் ஒரு குறியை நகர்த்துவது, அவ்வளவே. அந்தக் குறிக்கு அப்பால் உள்ள இடத்தை அடுத்து வருபவர் எடுத்துக் கொள்ளலாம்.

கல்யாண மண்டபத்தில் அறை எடுத்துத் தங்கியவர், சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, 'ஐயோ, வளையலை மேசை மேலேயே வைத்துவிட்டோமே' என்று திரும்பி ஓடுவதாக எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் வளையல் அங்கேயேதான் இருக்கும், எடுத்துக் கொண்டு வந்துவிடலாம். ஆனால் சாவியைக் கொடுத்ததற்கும் திரும்பி ஓடியதற்கும் இடைப்பட்ட அந்த அரை நிமிடத்தில் வேறொரு குடும்பம் வந்து அறையைப் பிடித்து, மேசையைத் துடைத்துவிட்டிருந்தால்?

பழைய ஜி.சி.சி. 64-பிட் ஆர்ம் செயலிக்கு எழுதித் தந்த ஆணைகளின் வரிசை இப்படித்தான் இருந்தது. முதலில் அறை காலி என்று குறியை நகர்த்தும் ஆணை. அதற்குப் பிறகு, காலி செய்த அறையிலிருந்து கணக்கின் விடையை எடுத்து வரும் ஆணை. இரண்டுக்கும் நடுவே உள்ள நேரம் ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு. அதற்குள் வேறு யார் வந்துவிடப் போகிறார்கள்?

வருபவர் ஒருவர் உண்டு. கணிப்பொறியில் விசைப்பலகை, கடிகாரம், வலை அட்டை போன்ற சாதனங்கள் எந்தக் கணத்திலும் செயலியைக் குறுக்கிட்டு, 'கையில் உள்ளதை வைத்துவிட்டு என்னைக் கவனி' என்று கூறலாம். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். குறுக்கீடு வந்ததும் செயலி தன் அப்போதைய நிலையை ஸ்டாக்கில், குறிக்கு அடுத்த காலி இடத்தில் எழுதி வைக்கிறது. அதாவது நம்மவர் வளையலை விட்டு வந்த அதே மேசையில்! குறுக்கீடு முடிந்து திரும்பி வந்து எடுத்தால் கையில் வருவது வளையல் அல்ல, வேறு எதுவோ. கூட்டுத்தொகை தவறாகிறது, எக்ஸ்ட்-4 அலறுகிறது.

இரண்டு ஆணைகளுக்கு நடுவே, சரியாக அந்த இடத்தில், ஒரு குறுக்கீடு விழ வேண்டும். அதனால்தான் எப்போதோ ஒரு முறை நேர்ந்தது. பௌதிக ஆய்வகத்தில் அபூர்வ நிகழ்ச்சிகளைத் தேடி எண்ணுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒவ்வொரு முறை நிகழ்வதற்கான வாய்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், முயற்சிகள் ஒரு நாளில் கோடி கோடியாக இருந்தால் நிகழ்ந்தே தீரும்.

இந்தப் பிழை ஜி.சி.சி. 5.1 இல் முன்பே திருத்தப்பட்டிருந்தது. அந்தப் பதிப்பு 2015 இலேயே வந்துவிட்டது. ஆக, கெர்னலின் வரிகளில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை. செய்ய வேண்டியிருந்தது ஒன்றே: '64-பிட் ஆர்ம் செயலிக்குக் குறைந்தபட்சம் 5.1' என்று விதியை மாற்றுவது. வில் டீக்கன் என்ற பொறியாளர் அதைச் செய்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் எல்லாச் செயலிகளுக்கும் அது பொதுவாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய கம்பைலர் 'முடியாது' என்று நின்றிருந்தால் யாருக்கும் நட்டம் இல்லை. அது வேலையை முடித்துக் கொடுத்தது. கெர்னலும் ஓடியது. விளைச்சல் வரும், ஆனால் நெல்லில் எங்கோ ஒரு பதர். அதுதான் அபாயம்.

65,536 ஐ 65,537 ஆல் பெருக்குக

5.1 க்கு உயர்த்தியதில் வேறொரு லாபமும் கிடைத்தது. காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள்.

32-பிட் இடத்தில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் பழைய கார்களின் கிலோமீட்டர் காட்டியைப் போல மீண்டும் 0 ஆகிவிடும். இப்போது ஒரு நிரல், தலா 65,536 பைட் அளவுள்ள 65,537 பொருள்களை வைக்க இடம் கேட்கிறது என்று வைத்துக் கொள்வோம். பெருக்கிப் பாருங்கள்: 4,29,50,32,832. இது எல்லையைத் தாண்டிவிட்டது. 4,29,49,67,296 கழிந்து, மிச்சம் நிற்பது 65,536. கெர்னல் ஒரே ஒரு பொருளுக்கு உரிய இடத்தை ஒதுக்கிவிட்டு, 65,537 பேருக்கும் பந்தி போட்டுவிட்டதாக நினைத்துக் கொள்ளும்! இரண்டாவது ஆளிலிருந்து எல்லோரும் பக்கத்து வீட்டு முற்றத்தில் உட்காருவார்கள். அதாவது வேறு எதற்கோ உரிய நினைவகத்தில் எழுதுவார்கள். கணிப்பொறிக்குள் கள்ளத்தனமாக நுழைய விரும்புகிறவர்கள் தேடி அலைவது இத்தகைய ஓட்டைகளைத்தான்.

பெருக்குத்தொகை எல்லையைத் தாண்டியதா என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லும் வசதி ஜி.சி.சி. 5.1 இல் கம்பைலருக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. சில வகைச் செயலிகள் பெருக்கலின் முடிவில் இதற்கென ஓர் அடையாளத்தைக் காட்டும் திறன் பெற்றிருப்பதால், அவற்றில் சோதனைக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். பழைய கம்பைலர்களுக்காகக் கெர்னலில் ஒரு மாற்று ஏற்பாட்டை எழுதி வைத்திருந்தார்கள். வகுத்துப் பார், குறியைப் பார் என்று சுற்றி வளைத்துப் போகும் அதைப் படித்துப் புரிந்து கொள்வதே ஒரு தண்டனை. பழைய பதிப்புகளுக்கு ஆதரவு நின்றதும் அந்தப் பகுதி முழுவதும் நீக்கப்பட்டது.

கெர்னல் எழுதப்படும் மொழியே 2022 இல் ஒரு படி ஏறியது. அது வரை 1989 ஆம் ஆண்டுத் தர நிர்ணயத்தை ஒட்டிய சி மொழியில் எழுதினார்கள். அந்தப் பழைய மொழியில் சுழலுக்கு வேண்டிய மாறியைச் சுழலுக்கு வெளியே அறிவிக்க வேண்டும். சுழல் முடிந்த பின்னும் அது உயிரோடு இருக்கும். வரிசையில் நிற்கும் பிள்ளைகளை விரலால் சுட்டி எண்ணி முடித்த பிறகும், விரல் நீட்டியபடியே நின்று இல்லாத ஒரு பிள்ளையைக் காட்டுவது போல. அதைப் பார்த்து யாராவது பெயர் எழுதிக் கொண்டால்? இந்த வகைத் தவறுகளைப் பற்றி நடந்த பேச்சின் முடிவில், 2011 ஆம் ஆண்டுத் தரத்துக்கு மாறுவதென்று தீர்மானித்தார்கள். 5.18 பதிப்பில் அது நடந்தது. கம்பைலரின் குறைந்தபட்சம் ஏற்கெனவே 5.1 ஆக இருந்ததால் அந்த மாற்றம் எளிதாயிற்று.

இவை தவிர, சோதித்துப் பார்க்கும் பாரம் வேறு. கெர்னல் ஓடும் செயலி வகைகள் சுமார் 20. ஜி.சி.சி. 5 முதல் 15 வரை பெரும் பதிப்புகள் 11. ஆகப் பொருத்திப் பார்க்க வேண்டிய ஜோடிகள் 220. எட்டிலிருந்து தொடங்கினால் 160. கெர்னலில் உள்ள பல்லாயிரம் விருப்பத் தேர்வுகளை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை!

கீழே இருப்பவருக்காகக் காத்திருத்தல்

அப்படியானால் ஒவ்வோர் ஆண்டும் உயர்த்திக் கொண்டே போகலாமே, தயக்கம் எதற்கு? கடைமடையில் இருப்பவர்கள்தான் காரணம்.

பெரும்பாலோர் கம்பைலரைத் தனியாகத் தேடி நிறுவுவதில்லை. தங்கள் லினக்ஸ் தொகுப்பு எதைத் தருகிறதோ அதையே வைத்துக் கொள்வார்கள். டெபியன் 7 தந்தது 4.7. டெபியன் 8 தந்தது 4.9. டெபியன் 9 தந்தது 6. 2019 இல் வந்த டெபியன் 10 தந்தது 8. நிறுவனங்களுக்கு விற்கப்படும் தொகுப்புகளோ பத்தாண்டுகளுக்கும் மேல் பராமரிக்கப்படுபவை. 2000களின் பிற்பகுதியில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைப் பெரிய அளவில் ஏற்றுக்கொண்டது. அதே சூசே நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் 15 என்ற தொகுப்புத் தன் கெர்னலை ஜி.சி.சி. 7 கொண்டு கட்டி வந்தது. 8.1 க்கு உயர்த்தலாமா என்ற பேச்சு எழுந்த போதெல்லாம் இது ஒரு தடையாக நின்றது. அந்தத் தொகுப்பின் ஏழாவது சேவைப் பதிப்பு 6.4 கெர்னலோடு நின்றுவிட்டது, எட்டாவது ஒன்று வரப் போவதில்லை என்று தெரிந்த பிறகுதான், 2025 இல், ஆர்ண்ட் பெர்க்மன் என்ற பொறியாளர் எல்லாச் செயலிகளுக்கும் 8.1 என்று எழுதினார். கடைசி வயலில் அறுவடை முடிந்ததா என்று பார்த்துவிட்டு மதகை மூடியதாகக் கொள்ளலாம். பாராட்ட வேண்டிய செயல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கணக்கில் வந்தது ஒரு பெரிய நிறுவனத்தின் வயல். ஒரு கிராமத்து வீட்டில், பேட்டரி இல்லாத மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவரின் வயல் அந்தக் கணக்கில் வருவதற்கு வழியே இல்லை. அவர் அங்கே இருப்பது யாருக்குத் தெரியும்?

இதற்கு நேர் எதிரான ஒரு நிலையும் தமிழ்நாட்டிலேயே உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி செயலியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018 இல் அது சில்லாக வடிவம் பெற்றது. சண்டிகரில் உள்ள நம் நாட்டுத் தொழிற்கூடத்திலேயே 180 நானோமீட்டர் முறையில் ஒரு சில் தயாரானது. சக்தி, ரிஸ்க்-ஃபைவ் என்ற வகையைச் சேர்ந்தது. அவ்வகைச் செயலிகளுக்கான ஆணைகளை எழுதும் திறன் ஜி.சி.சி.க்கு 2017 இல், 7 ஆம் பதிப்பில்தான் வந்தது. லினக்ஸில் அதற்கு இடம் கிடைத்தது 2018 ஜனவரியில் வந்த 4.15 இல். ஆக, ஆவணம் 3.2 போதும் என்று சொல்லிக் கொண்டிருந்த அதே 2018 இல், சக்திக்காகக் கெர்னல் கட்டுகிறவருக்கு 7 க்குக் குறைந்த எதுவும் பயனற்றது. பழையதைக் காப்பாற்றுவது மட்டும் நம் ஊர் நலன் என்று சொல்லிவிட முடியாது.

மாணவரிடம் திரும்பி வருவோம். அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, இருக்கிறபடியே விட்டுவிடுவது. எங்கள் ஆய்வகத்தில் அளவுமானி ஒன்றோடு இணைந்த பழைய கணிப்பொறி அப்படித்தான் பழைய கெர்னலோடு ஓடிக் கொண்டிருக்கிறது. வலையில் இணைக்காத வரை அதற்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு, புதிய கணிப்பொறி ஒன்றில் கெர்னலைக் கட்டிக் கொண்டு வந்து இதில் வைப்பது. கட்டுவது ஓரிடம், ஓடுவது வேறிடம் என்பதில் தவறே இல்லை. கைப்பேசிகளின் கெர்னல் எல்லாம் அப்படித்தான் கட்டப்படுகிறது. மூன்று, பழைய கம்பைலரைக் கொண்டே புதிய கம்பைலரைக் கட்டுவது.

அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

விதை நெல்

கம்பைலரும் ஒரு நிரல்தான். அதையும் ஒரு கம்பைலர் பெயர்த்துத் தர வேண்டும். விதை இல்லாமல் நெல் ஏது? ஜி.சி.சி. 4.7 வரை சி மொழிக் கம்பைலர் ஒன்று இருந்தாலே அதைக் கட்டிவிடலாம். 4.8 முதல் 10 வரை சி++ கம்பைலர் வேண்டும். 11 முதல் 14 வரை அந்த சி++ உம் 2011 ஆம் ஆண்டுத் தரத்தில் இருக்க வேண்டும். நம் மாணவரிடம் இருந்த 4.7.2, பத்தாம் பதிப்பைக் கட்டப் போதுமானது. பத்து இருந்தால் 8.1 என்ற தடையைத் தாண்டியாயிற்று. ஒரே படி!

இதைக் கட்டும் முறை மிக அழகானது. மூன்று கட்டமாக நடக்கும். முதலில் பழைய கம்பைலர் (4.7), புதிய கம்பைலரின் (10) மூலநிரலைப் பெயர்க்கிறது. கிடைப்பதை 'அ' என்போம். 'அ' புதிய அறிவு படைத்தது, ஆனால் அதன் உடல் பழைய கையால் செய்யப்பட்டது. அடுத்து, 'அ' அதே மூலநிரலைப் பெயர்க்கிறது. கிடைப்பது 'ஆ'. இதற்கு அறிவும் புதிது, உடலும் புதிது. இதோடு விடுவதில்லை. 'ஆ' மறுபடியும் அதே மூலநிரலைப் பெயர்க்கிறது. கிடைப்பது 'இ'. பிறகு 'ஆ' வையும் 'இ' யையும் பைட் பைட்டாக ஒப்பிடுகிறார்கள். இரண்டும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். ஏன்? 'அ' வும் 'ஆ' வும் உடலால் வேறானாலும் அறிவால் ஒன்று. ஒரே நூலை ஒரே அறிவு படைத்த இருவர் பெயர்த்தால் பெயர்ப்பு ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? வேறாக இருந்தால், பழைய கம்பைலர் எங்கோ தவறு செய்து 'அ' வின் அறிவைக் கெடுத்துவிட்டது என்று பொருள். வல்லுநர் விதையிலிருந்து ஆதார விதை, ஆதார விதையிலிருந்து சான்று விதை என்று ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதைப் போன்ற சோதனை. ('அ' வையும் 'ஆ' வையும் ஒப்பிடுவதில் ஏன் பயனில்லை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.)

அந்தப் பழைய மடிக்கணினிக்கு இது ஓர் இரவு வேலை. ஜி.சி.சி.க்குத் துணையாக ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி. என்ற மூன்று கணித நூலகங்களை முதலில் சேர்க்க வேண்டியிருந்தது. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினார். மூன்று மணிக்கு எங்கள் ஊருக்கே உரிய முறையில் மின்சாரம் போயிற்று.

பேட்டரி இல்லாத கணிப்பொறி கணத்தில் அணைந்தது. ஆனால் எல்லாம் வீணாகிவிடவில்லை. இந்த வேலைகளை நடத்திச் செல்லும் 'மேக்' என்ற நிரல், ஒவ்வொரு கோப்பின் நேரத்தையும் பார்த்து, முடிந்ததை விட்டுவிட்டு முடியாததை மட்டும் செய்யும். காலையில் மின்சாரம் வந்ததும் மறுபடி ஓட விட்டார். உடனே ஒரு புதுப் பிழை வந்து நின்றது. அணைந்த கணத்தில் எழுதப்பட்டுக் கொண்டிருந்த கோப்பு ஒன்று வெறும் பூஜ்ய பைட்டாகக் கிடந்தது. பெயரும் நேரமும் இருந்ததால் 'மேக்' அதை முடிந்த வேலை என்று நம்பிவிட்டது. அதைக் கண்டுபிடித்து அழிக்க அவருக்கு அரை நாள் பிடித்தது. அதன் பிறகு கம்பைலர் முடிந்தது. 'ஆ' வும் 'இ' யும் ஒத்துப் போயின. கெர்னல் கேட்ட பைன்யூட்டில்ஸ் 2.30 முதலான வேறு சில கருவிகளையும் அதே போல் உயர்த்திக் கொண்டார். கெர்னலுக்கு இன்னோர் இரவு.

திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு மடிக்கணினியைத் தூக்கிக் கொண்டு வந்தார். மேசையருகே மின்கம்பியைச் செருகி இயக்கினார். லினக்ஸ் கெர்னல் விழிக்கும்போது தன்னைப் பற்றி முதல் வரியில் அறிவித்துக் கொள்ளும்: தன் பதிப்பு எண், தன்னைக் கட்டியவர் பெயர், எந்தக் கணிப்பொறியில் கட்டப்பட்டது, எந்தக் கம்பைலரால் கட்டப்பட்டது, எந்த நாளில், எந்த நேரத்தில் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த வரி திரையில் ஓடி மறைந்துவிட்டதால், அதைத் திரும்ப எடுத்துக் காட்டினார். 6.16 என்று இருந்தது. அவருடைய பெயர் இருந்தது. ஜி.சி.சி. 10 என்று இருந்தது. நேரம் அதிகாலை 4 மணி 12 நிமிடம்.

"சார், பதினைந்தாம் பதிப்பையும் இதுலயே கட்டிப் பார்க்கவா?" என்றார். பேட்டரி ஒன்று வாங்கிய பிறகு செய்யலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.